கங்கைக்கரைத் திருச்சபைகள் – 9: பவானிபூரில் வீட்டுக்குள் வந்த கட்டளை

சென்ற இதழில் செராம்பூரில் இருந்தோம். 1800 டிசம்பர் 28 அன்று தச்சர் கிருஷ்ண பால் ஹூக்ளி ஆற்றில் இறங்கி ஞானஸ்நானம் பெற்றதைப் பார்த்தோம். 1803இல் கோகுல் என்ற விசுவாசி இறந்தபோது, மிஷனரி மார்ஷ்மன், சக மிஷனரி கேரியின் மகன் ஃபீலிக்ஸ், பிராமணராகப் பிறந்த பைரவ், முஸ்லிமாகப் பிறந்த பீரு ஆகிய நால்வரும் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார்கள். அதே ஆண்டு, பிராமணக் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ண பிரசாத், தச்சர் கிருஷ்ண பாலின் மகளைக் கைப்பிடித்தார்.

முதல் தலைமுறைக்குக் கட்டளை என்பது துணிந்து ஒருமுறை செய்துகாட்டும் செயல். அடுத்த தலைமுறைக்கு அது அன்றாடப்பாடு. ஆற்றில் முழுகி எழுந்தவரின் பேத்தி காலையில் எழுந்து முற்றம் பெருக்குகிறாள், கணவனோடு வாழ்கிறாள், கடன் வாங்குகிறாள், பிள்ளை வளர்க்கிறாள், செத்தவர் விட்டுப்போன நிலத்தில் பங்கு கேட்கிறாள். இத்தனையிலும் அவளுடைய வேதம் அவளிடம் என்ன கேட்கிறது? அதற்கு விடை தேடிய இடங்களில் முக்கியமானது கொல்கத்தாவின் பவானிபூர். கட்டளையைக் கேட்கிறவர் யார், எந்த நிலையில் இருக்கிறார் என்று பார்த்துப் பேசிய இடங்களில் அது நீதியாக நின்றது, பார்க்கத் தவறிய இடங்களில் வெறும் அதட்டலாகப் போனது. இந்த அத்தியாயம் முழுவதிலும் நான் சொல்ல வருவது அதைத்தான்.

காளிகட்டுக்குப் போகும் வழியில்

லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் கொல்கத்தாத் தமிழர்கள் அன்றாடம் கடந்துபோகும் இடம் பவானிபூர். நேதாஜி பவன், ஜதீன் தாஸ் பார்க் மெட்ரோ நிலையங்கள் இங்கேதான் இருக்கின்றன. இன்று ஆசுதோஷ் முகர்ஜி சாலை எனப்படும் நெடுஞ்சாலைக்கு அன்று ரஸ்ஸா ரோடு என்று பெயர். வடக்கே சௌரங்கியில் வெள்ளைக்கார மாளிகைகள் இருந்தன. 1847இல் அங்கே ஆங்கிலிக்கன் சபையின் புனித பவுல் பேராலயமும் எழுந்தது. தெற்கே ஆதிகங்கைக் கரையில் காளி கோயில். அதன் இன்றைய கட்டடம் 1809இல் முடிந்தது. வடக்கிலிருந்து காளிகட்டுக்குப் போகும் யாத்திரிகர் கூட்டம் பவானிபூரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அந்தச் சாலையோரத்தில்தான் லண்டன் மிஷனரி சங்கம் இறங்கியது. நாகர்கோவில், நெய்யூர் பக்கத்து வாசகர்களுக்கு இந்தச் சங்கத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1806இல் ரிங்கல்தௌபே தென்திருவிதாங்கூரில் தொடங்கிய பணியும் அதே எல்.எம்.எஸ். பணிதான். பவானிபூரில் அதன் தூணாக இருந்தவர் அல்ஃபோன்ஸ் ஃபிரான்சுவா லாக்ருவா. 1799இல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர், 1821இல் நெதர்லாந்து மிஷனரி சங்கத்தின் ஊழியராகச் சின்சுராவுக்கு வந்தார். 1824 ஒப்பந்தப்படி டச்சுக்காரர்கள் சின்சுராவை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த பிறகு எல்.எம்.எஸ்.சில் சேர்ந்தார். 1837இல் குடும்பத்தோடு பவானிபூருக்கு வந்தார். கடைத்தெருவில் நின்று கூட்டம் கலையாமல் வங்காளியில் பேசக்கூடிய ஐரோப்பியர் என்று பெயர் வாங்கினார்.

பவானிபூரில் பள்ளி நடந்தது, பிறகு கல்லூரியும் வந்தது. தெற்கே இருபத்துநான்கு பர்கானாவின் நெல்வயல் சதுப்புகளுக்கு நடுவே இருந்த சிற்றூர்களில் உழவுக் குடும்பங்கள் கிறிஸ்தவர்களாகியிருந்தன. பட்டணத்துப் படித்த இளைஞன் ஒரு பக்கம், ஜமீன்தாருக்குக் குத்தகை கட்டும் உழவன் மறுபக்கம். இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டியிருந்தது ஒரே கட்டளை.

எதை நீதி என்று கற்பித்தார்கள்?

மோசே வழியாக வந்த சட்டங்களைச் சீர்திருத்தத் திருச்சபைகள் மூன்றாகப் பிரித்துப் பார்த்தன. பலி, தீட்டு, உணவுவிலக்கு, பண்டிகை பற்றியவை சடங்குச் சட்டங்கள். அவை கிறிஸ்துவோடு நிறைவேறி முடிந்தன. இஸ்ரவேல் அரசுக்குரிய தண்டனைகள், நிலவிதிகள் குடிமைச் சட்டங்கள். அந்த அரசோடு அவையும் போயின. கொலை செய்யாதே, களவு செய்யாதே, பொய்ச்சாட்சி சொல்லாதே, பெற்றோரை மதி என்பவை அறநெறிச் சட்டம். அது எல்லா மனிதருக்கும் எல்லாக் காலத்துக்கும் உரியது. பத்துக் கட்டளைகள் அதன் சாரம். கடவுள்மீதும் அயலார்மீதும் கொள்ளும் அன்பு என்று இயேசு அதை இரண்டாகச் சுருக்கினார். மலைப்பிரசங்கத்தில் அதையே ஆழமாக்கினார்: கொலை கையில் தொடங்குவதில்லை, கோபத்தில் தொடங்குகிறது. விபச்சாரம் பார்வையில் தொடங்குகிறது.

பத்துக் கட்டளைகளை எண்ணும் முறையிலும் சபைக்குச் சபை வேறுபாடு உண்டு. கத்தோலிக்கரும் லுத்தரன்களும் விக்கிரக விலக்கை முதல் கட்டளையோடு சேர்த்துவிடுவார்கள், இச்சிக்காதே என்பதை இரண்டாகப் பிரிப்பார்கள். சீர்திருத்தச் சபைகளுக்கு விக்கிரக விலக்கு தனியாக இரண்டாம் கட்டளை. எனவே தரங்கம்பாடி லுத்தரன் பிள்ளைக்கு ஓய்வுநாள் மூன்றாம் கட்டளை, நாகர்கோவில் எல்.எம்.எஸ். பிள்ளைக்கு அது நான்காம் கட்டளை. பவானிபூர்ப் பிள்ளைகளும் நாகர்கோவில் கணக்குத்தான் படித்தார்கள். காளிகட்டு யாத்திரிகர் கூட்டம் வாசல் வழியே போகும் ஊரில் அந்த இரண்டாம் கட்டளை எவ்வளவு கனத்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். அத்தை வீட்டுப் பூஜைக்குப் போகலாமா, பிரசாதம் வாங்கலாமா, ஜமீன்தார் விழாவுக்கு வரி கேட்டால் கொடுக்கலாமா என்று தினமும் கேள்வி எழும்.

எல்.எம்.எஸ். சபைகளில் பேராயர் கிடையாது. ஆயர் வழிநடத்துவார், சபையாரே கூடி முடிவெடுப்பார்கள். குற்றம் செய்தவரைத் தனியே கண்டிப்பது முதல் படி. கேட்காவிட்டால் சாட்சிகளோடு கண்டிப்பது, அதற்கும் மசியாவிட்டால் திருவிருந்திலிருந்து விலக்கி வைப்பது. மனந்திரும்பினால் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். வீடும் உறவும் தள்ளிவிட்ட ஒருவருக்குச் சபைதான் மிஞ்சியிருந்த ஒரே உறவு. அங்கிருந்தும் விலக்கினால் அவருக்குப் போக்கிடம் இல்லை. இதை உணர்ந்து கையாண்ட ஆயரும் இருந்தார், மறந்து கையாண்டவரும் இருந்தார்.

1852: ஒரே பேட்டையில் மூன்று விடைகள்

அறம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி வங்கத்தில் முப்பது ஆண்டுகளாகவே கொதித்துக்கொண்டிருந்தது. 1820இல் ராஜா ராம்மோகன் ராய் நற்செய்தி நூல்களிலிருந்து இயேசுவின் அறப்போதனைகளை மட்டும் தனியே தொகுத்து வெளியிட்டார். அற்புதங்களையும் கோட்பாடுகளையும் ஒதுக்கினார். மனிதனைச் சமாதானத்துக்கும் மகிழ்ச்சிக்கும் கொண்டுசெல்ல இந்தப் போதனைகளே போதும் என்பது அவர் கட்சி. போதாது என்று செராம்பூர் மார்ஷ்மன் எழுதினார். மன்னிப்பும் மீட்பும் இல்லாமல் கட்டளையை மட்டும் கையில் கொடுத்தால் மனிதன் அதைச் சுமக்கமாட்டான் என்பது அவர் வாதம். ராயும் விடவில்லை, பதிலுக்குப் பதில் எழுதினார்.

அந்த வழக்கு 1852இல் பவானிபூருக்கு வந்தது. அந்த ஆண்டு இங்கே பிரம்ம சமாஜம் ஒன்று தொடங்கியது. 'ஹிந்து பேட்ரியட்' பத்திரிகையால் புகழ்பெறப்போகும் ஹரீஷ் சந்திர முகர்ஜி அதில் முன்னின்றார். விக்கிரகம் வேண்டாம், ஒரே கடவுள் போதும், மனச்சாட்சியும் பகுத்தறிவும் அறத்துக்கு வழிகாட்டும் என்பது அவர்கள் விடை. அதே ஆண்டு, லாக்ருவாவின் மருமகனும் பவானிபூர் மிஷன் பொறுப்பாளருமான ஜோசப் முல்லன்ஸ், வேதாந்தத்தையும் பிரம்ம சமயத்தையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். வெளிப்படுத்தப்பட்ட வேதம் இல்லாமல் அறத்துக்கு உறுதியான அடித்தளம் கிடையாது என்பது அவர் விடை.

மூன்றாவது விடையும் அதே 1852இல், முல்லன்ஸ் வீட்டிலிருந்தே வந்தது. எழுதியவர் அவர் மனைவி ஹன்னா கேத்தரின் முல்லன்ஸ், லாக்ருவாவின் மகள். தத்துவத்தின் பக்கமே போகாமல் இரண்டு பெண்களின் கதையை வங்காளியில் எழுதினார். நூலின் பெயர் 'பூல்மணி ஓ கருணார் விவரண்', அதாவது பூல்மணி, கருணா ஆகியோரின் வரலாறு.

பூல்மணியின் முற்றம், கருணாவின் முற்றம்

ஹன்னா 1826இல் கொல்கத்தாவில் பிறந்தவர். வீட்டு வேலைக்காரர்களிடமும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடமும் கேட்டுக் கேட்டே வங்காளி அவருக்கு இரண்டாம் தாய்மொழியானது. பன்னிரண்டு வயதில், பவானிபூரில் தன் தாயின் பெண்பிள்ளைகள் பள்ளியில் ஒரு வகுப்புக்குப் பாடம் சொன்னார். 1845இல் முல்லன்ஸை மணந்தார். கிறிஸ்தவப் பெண்பிள்ளைகளை விடுதியில் வைத்துப் படிப்பித்தார். அவர்கள் மணமாகிப் போய்க் குடும்பம் நடத்தும் வீடுகளையும் பார்த்தார். வினாவிடை மனப்பாடம் ஆன பெண், கணவன் குடித்துவிட்டு வரும் இரவில் அதை எப்படிக் கடைப்பிடிப்பாள்? இதைச் சொல்ல வங்காளியில் ஒரு புத்தகம் இல்லை. அதனால் எழுதினார்.

கதை ஒரு கிறிஸ்தவச் சிற்றூரில் நடக்கிறது. கதை சொல்பவர் ஓர் ஆங்கில அதிகாரியின் மனைவி. அவர் முதலில் நுழைவது பூல்மணியின் வீட்டுக்குள். சிறு வீடுதான், ஏழைகள்தான். ஆனால் முற்றம் துப்புரவாக இருக்கிறது, செடிகள் வளர்கின்றன, பிள்ளைகள் ஒழுங்காக இருக்கிறார்கள், பேச்சில் இனிமை இருக்கிறது. கருணாவின் வீடு நேர்மாறு. குப்பை, சண்டை, கவனிப்பாரற்ற பிள்ளைகள், குடிகாரக் கணவன். இருவரும் ஒரே சபைக்குப் போகிறவர்கள், கேட்பதும் ஒரே பிரசங்கம்.

பூல்மணியை ஹன்னா உபதேசியாராக்கவில்லை. பக்கத்து வீட்டில் சண்டை என்றால் பூல்மணி போய் நிற்கிறாள். ஒருவர் நோயில் விழுந்தால் கஞ்சியோடு போகிறாள். கருணாவும் ஒரு நாளில் திருந்திவிடவில்லை. துயரம் அவளைத் தாக்குகிறது. அவமானப்படுத்தாத ஒரு தோழி பக்கத்தில் இருக்கிறாள். மெல்ல மெல்ல வீடு மாறுகிறது, கணவன் மாறுகிறான். கட்டளைப் பலகையைக் காட்டி அவளை ஒருவரும் திருத்தவில்லை, கூட இருந்த ஒருத்தியின் வாழ்க்கைதான் திருத்தியது. இதை நாடகம் இல்லாமல், பெண்கள் அன்றாடம் பேசும் வங்காளியில் சொன்னதே நூலின் வலிமை.

வங்காளியின் முதல் நாவல் எது என்ற வாதத்தில் இந்த நூலின் பெயர் அடிபடுவதும் அதனால்தான். பியாரிசாந்த் மித்ராவின் 'ஆலாலேர் கரேர் துலால்' நூலாக வந்தது 1858இல். பங்கிம் சந்திரரின் 'துர்கேசநந்தினி' 1865இல் வந்தது. பூல்மணியின் கதைச் சட்டகம் ஓர் ஆங்கில மிஷன் கதையைத் தழுவியது என்பதால் அதை நாவல் வரிசையில் சேர்க்கத் தயங்குகிறவர்கள் உண்டு. ஆனாலும் அந்த வீடுகளும் அந்தப் பேச்சும் வங்கத்தினுடையவை.

நம் பக்கத்திலும் இதே போக்கைப் பார்க்கலாம். ஹன்னா பிறந்த அதே 1826இல் குளத்தூரில் பிறந்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. கத்தோலிக்கர், மாவட்ட முன்சீப். 1859இல் 'நீதிநூல்' வெளியிட்டார், 1869இல் பெண்கல்விக்காகப் 'பெண்மதி மாலை' எழுதினார். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சேறியது. அறம் சொல்ல வந்தவர்கள் கதைக்குள் நுழைந்தது தற்செயலாக நடந்ததன்று. வீட்டுக்குள் நடப்பதைப் பேச உரைநடைக் கதையைவிட நெருக்கமான வடிவம் அன்று கிடைக்கவில்லை.

பூல்மணியின் குறையையும் சொல்லியாக வேண்டும். கதை சொல்லும் துரைசானி நினைத்த நேரத்தில் நினைத்த குடிசைக்குள் நுழைகிறார், குறிப்பெடுக்கிறார், புத்தி சொல்கிறார். அவர் வீட்டுக்குள் அப்படி ஒருவரும் நுழைந்துவிட முடியாது. கருணாவின் வீட்டில் கிடக்கும் குப்பையில் எது சோம்பல், எது வறுமை என்று கதை எல்லா இடத்திலும் பிரித்துப் பார்ப்பதில்லை. தூய்மை பக்தியோடும் அழுக்கு பாவத்தோடும் ஒட்டிக்கொண்டுவிடுகின்றன. வயலில் இடுப்பளவு சேற்றில் நின்றுவிட்டு வரும் பெண்ணின் முற்றத்தை அப்படி அளப்பது அநியாயம். ஹன்னாவின் அன்பு மெய்யானது. அவர் நின்ற உயரமும் மெய்யானது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பலகையில் விடை இல்லாத வழக்குகள்

கதையில் அன்பால் தீர்ந்த சிக்கல்கள் வாழ்க்கையில் சட்டத்தின் வாசலுக்கும் போயின. மூன்றைப் பார்ப்போம்.

முதலாவது, இரண்டு மனைவியரோடு ஒருவர் ஞானஸ்நானம் கேட்டு வருகிறார். ஒருவனுக்கு ஒருத்தி என்பது கிறிஸ்தவத் திருமண நெறி. இரண்டாவது மனைவியைத் தள்ளிவிட்டு வா என்று சொல்வதா? சொன்னால் அவளும் பிள்ளைகளும் தெருவில் நிற்பார்கள். ஒரு கட்டளையைக் காக்க இன்னொரு அநீதியைச் செய்வதாகும். கொல்கத்தாவில் பல சபைகளைச் சேர்ந்த மிஷனரிகளின் மாநாடு இதை நெடுநாள் விவாதித்து 1834இல் ஒரு முடிவுக்கு வந்தது: விசுவாசத்துக்கு வருமுன்பே மணந்த மனைவியரை அவர் வைத்துக் காப்பாற்றலாம், ஆனால் சபையில் எந்தப் பொறுப்பும் வகிக்கக் கூடாது. நெறியும் தளரவில்லை, பெண்ணும் கைவிடப்படவில்லை. இதே கேள்வியில் 1888இல் ஆங்கிலிக்கன் பேராயர்களின் லாம்பெத் மாநாடு, பலதார மணம் கொண்ட ஆண்களுக்கு ஞானஸ்நானமே கூடாது என்று தீர்மானித்தது. அது மாற 1988 வரை ஆயிற்று. அந்த நூறு ஆண்டுகளை நினைத்தால், 1834இல் கொல்கத்தாவில் கூடியவர்களின் விவேகம் விளங்கும்.

இரண்டாவது, கணவன் கிறிஸ்தவனாகிறான், பிறந்த வீட்டார் பெண்ணை அனுப்ப மறுக்கிறார்கள். பல வழக்குகளில் அவள் குழந்தைமணம் ஆன சிறுமி. அவன் காத்திருப்பதா, மறுமணம் செய்வதா? விசுவாசியல்லாத துணை தானாகப் பிரிந்துபோனால் விசுவாசி கட்டுண்டவரல்லர் என்பது அப்போஸ்தலர் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதில் உள்ள நெறி. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் நெடுங்காலமாகவே அதன் அடிப்படையில் அத்தகைய மணத்தை முறிக்க இடம் கொடுத்துவந்தது. ஆனால் நாட்டுச் சட்டப்படி பழைய மணம் அப்படியே இருந்ததால், மறுமணம் செய்பவர் இருதார மணக் குற்றவாளி ஆகலாம், செய்துவைக்கும் ஆயரும் சிக்கலாம்.

இதற்காக வந்ததுதான் 1866ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம். சட்ட உறுப்பினர் ஹென்றி மெயின் அதை முன்னெடுத்தார். மதம் மாறியதால் துணை தொடர்ந்து ஆறு மாதம் பிரிந்திருந்தால், மாறியவர் சேர்ந்து வாழக் கோரி வழக்குத் தொடரலாம். மறுப்பவரை நீதிபதி நேராக விசாரிக்க வேண்டும், பெற்றோரின் வாய்ச்சொல் போதாது. மறுப்பு உறுதியானால் வழக்கை ஓராண்டு தள்ளிவைக்க வேண்டும். ஓராண்டு கழித்து மறுபடி கேட்க வேண்டும். அப்போதும் மறுத்தால் மட்டுமே மணம் முறியும், இருவருமே மறுமணம் செய்யலாம். பெண்ணின் வாயாலேயே கேள் என்றும், ஓராண்டு பொறு என்றும் சட்டம் சொன்ன இந்த இரண்டு இடங்களும் என் மனதைத் தொட்டவை.

ஆனால் மூன்றாண்டு கழித்து வந்த 1869 மணமுறிவுச் சட்டத்தில் இந்தப் பரிவு இல்லை. கிறிஸ்தவக் கணவன் மனைவியின் விபச்சாரத்தை மட்டும் நிரூபித்தால் விடுதலை. மனைவியோ அதோடு கொடுமை, கைவிடல் போன்ற இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். கட்டளை இருபாலாருக்கும் ஒன்றாக இருக்க, சட்டம் இரண்டு தராசு வைத்திருந்தது. அது திருத்தப்பட்டது 2001இல்தான்.

மூன்றாவது, சொத்து. மதம் மாறினால் பங்கு போயிற்று என்பது வழக்கமாக இருந்தது. வங்காளத்தில் 1832ஆம் ஆண்டின் 7ஆம் ஒழுங்குமுறை அதை ஓரளவு தடுத்தது. 1850ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம், மதம் மாறியதாலோ சாதியிழந்ததாலோ சொத்துரிமை போகாது என்று நாடு முழுவதற்கும் விதித்தது. எதிர்த்து மனுக்கள் போயின. ஆனால் உயில் என்ற வழி திறந்தே இருந்தது. பிரசன்ன குமார் தாகூரின் ஒரே மகன் ஞானேந்திர மோகன் 1851இல் கிறிஸ்தவரானார். பின்னாளில் ஆங்கில பாரிஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். தந்தை உயிலில் மகனுக்கு ஒன்றும் வைக்கவில்லை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1872இல் தீர்ப்பானது. தந்தை தன் சொத்தை விரும்பியவருக்குக் கொடுக்கலாம், ஆனால் பிறக்காத தலைமுறைகளுக்கெல்லாம் முன்கூட்டியே கட்டிவைக்க முடியாது என்றது தீர்ப்பு. 'தாகூர் வழக்கு' என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் அதைப் படிக்கிறார்கள். அதன் மூலத்தில் இருப்பது ஒரு தந்தையின் மனக்காயமும் ஒரு மகனின் மனச்சாட்சியும்.

சாதி: கல்கத்தாவின் கடிதமும் தஞ்சையின் மறுப்பும்

அயலாரை நேசி என்ற கட்டளை மிகக் கடுமையாக மோதியது சாதியோடுதான். அந்த மோதலில் கொல்கத்தாவும் தமிழகமும் ஒரே கயிற்றின் இரு முனைகளாக நின்றன. 1835இல் சென்னைக்குத் தனிப் பேராயம் அமையும்வரை தமிழ்நாட்டு ஆங்கிலிக்கன் சபைகள் கல்கத்தா பேராயரின் ஆளுகையில் இருந்தன. பேராயர் டேனியல் வில்சன் 1833இல் தெற்கே ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சபையில் சாதி வேறுபாட்டை முற்றாக, உடனே, என்றென்றைக்கும் கைவிட வேண்டும் என்பது அதன் சாரம். உட்காரும் இடம், திருவிருந்துப் பாத்திரம், கல்லறை எதிலும் பிரிவு கூடாது.

வேப்பேரியிலும் தஞ்சையிலும் எதிர்ப்பு கிளம்பியது. மிஷனரி ஷ்வார்ட்ஸின் வளர்ப்பில் உருவான பெருங்கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் எதிர்ப்புக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர். சாதி சமயமன்று, உலகியல் ஒழுங்கு என்பது அவர் தரப்பு. பேராயரே 1835இல் தஞ்சைக்கு வந்தார். பலர் வெளியேறினார்கள். இன்றும் நம் கீர்த்தனைகளில் மணக்கும் அந்த மேதையின் தமிழுக்கு என் தலை தாழும். அவர் தரப்புக்கு என்னால் தலையசைக்க முடியவில்லை.

வங்கத்தில் இந்தக் கட்டளை ஓரளவு எளிதாகப் பிடித்ததற்குக் காரணம், அங்கிருந்தவர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்பதன்று. அங்கே உயர்சாதியிலிருந்து வந்தவர்கள் தனித்தனியாக வந்தார்கள். வந்தபோதே வீடும் சாதியும் அவர்களை அறுத்துவிட்டன, காப்பாற்றிக்கொள்ள எதுவும் மிஞ்சவில்லை. தமிழகத்தில் குடும்பம் குடும்பமாக, கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பெண் கொள்வதும் கொடுப்பதும் பந்தியும் அப்படியே கூட வந்தன. முல்லன்ஸ் தென்னிந்திய மிஷன்களைச் சுற்றிப் பார்த்து எழுதிய நூல் 1854இல் லண்டனில் வெளியானது. அவருடைய சங்கமே பணியாற்றிய தென்திருவிதாங்கூரில், நாடார் பெண்கள் தோள்சீலை அணியும் உரிமைக்கான போராட்டம் அப்போது உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 1859 ஜூலையில் அரசர் பிரகடனம் வெளியிட்டார். மார்பை மூடலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மூடக் கூடாது என்ற நிபந்தனையோடு. கட்டளை ஒருவரின் மானத்தில் வந்து நிற்கும்போது அது எவ்வளவு பெரியது என்பதைத் தமிழ்ப் பெண்கள் அன்று நாட்டுக்குக் காட்டினார்கள்.

எஞ்சியது

லாக்ருவா 1859 ஜூலையில் மறைந்தார். ஹன்னா அதற்குப் பிறகு அந்தப்புரப் பெண்களுக்குக் கல்வி கொடுக்கும் ஜெனானாப் பணியில் முழுமூச்சாக இறங்கினார். ஒரு வங்காளிக் கனவான் அவர் வீட்டில் பூவேலை செய்த செருப்புத் துணியைப் பார்த்துத் தன் மனைவிக்கும் அதைக் கற்றுத்தரக் கேட்டாராம், பூட்டிக் கிடந்த அந்தப்புரக் கதவு அப்படித்தான் ஊசியால் திறந்தது என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. 1861 நவம்பர் 21 அன்று, முப்பத்தைந்தே வயதில் ஹன்னா இறந்தார்.

பவானிபூரில் எழுந்த கேள்வி இன்றைக்கும் நம் சபைகளில் உயிரோடு இருக்கிறது. பத்துக் கட்டளைகளைப் பலகையில் எழுதி ஆலயச் சுவரில் மாட்டியிருக்கிறோம். கணவன் அடிக்கும் பெண் ஆயரிடம் வந்தால், கல்யாணம் புனிதமானது, பொறுத்துக்கொள் என்று திருப்பி அனுப்புகிறோமா, 1834இல் அந்த மாநாடு செய்தது போல முதலில் அவள் நிலையைப் பார்க்கிறோமா? வேறு சாதியில் பெண் கேட்டு ஒரு சபைப் பிள்ளை வந்தால் கோகுலின் சவப்பெட்டியைச் சுமந்த நால்வரின் பக்கம் நிற்கிறோமா, தஞ்சையில் வெளியேறியவர்களின் பக்கம் நிற்கிறோமா? சட்டம் அறியாத கிறிஸ்தவர் இங்கே இல்லை. அந்தச் சட்டம் எளியவருக்கு நிழலாகிறதா, சுமையாகிறதா என்பதே நம்முடைய பரீட்சை.

இதுவரை கட்டளை மிஷனரியிடமிருந்து மக்களை நோக்கிப் பாய்ந்ததையே பார்த்தோம். 1861இல் அது திசை திரும்பியது. களவு செய்யாதே, அயலானை ஒடுக்காதே என்ற அதே நெறியை ஒரு பாதிரியார் தன் சொந்த இனத்து அவுரித் தோட்ட முதலாளிகளை நோக்கித் திருப்பினார். 'நீல் தர்ப்பண்' நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக ஜேம்ஸ் லாங் கல்கத்தா நீதிமன்றத்தில் நின்றார். ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் விதித்தார்கள். அபராதத்தை அங்கேயே கட்டியவர் காளிபிரசன்ன சிங்கா என்ற இந்து இளைஞர். பவானிபூரிலிருந்து எழுதி எழுதி அவுரி உழவர்களுக்காகப் போராடிய ஹரீஷ் முகர்ஜி அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கண்மூடியிருந்தார். அந்த வழக்கின் முழு வரலாறு அடுத்த இதழில்.

(தொடரும்)